1972 டாட்சன் 240இசட் காரில் 280இசட்எக்ஸின் 5 கியர் பெட்டியைப் பொருத்துவது குறித்து ஒரு கேள்வி

கேள்வி: பழைய_இசட்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1972ஆம் ஆண்டின் டாட்சன் 240இசட் ஒன்று இருக்கிறது. அமெரிக்கச் சந்தைக்காக உருவான கார். 2.4 லிட்டர் எல்24 எஞ்சின், 4 கியர் மேனுவல், பின்னால் ஆர்180 வகை டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பற்சக்கர அமைப்பு) என எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. கலிபோர்னியாவில் வசிப்பதால், வார இறுதிகளில் மலைச் சாலைக்குப் போய்ச் சேர்வதற்கு முன் ஒன்றரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டியிருக்கிறது. 110 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,100 சுற்றுகளைத் தாண்டிவிடுகிறது. அது எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் காதுக்கும் பெட்ரோலுக்கும் அது நல்லதாக இல்லை.

உள்ளூரில் ஒருவர் 1983ஆம் ஆண்டு 280இசட்எக்ஸ் காரிலிருந்து கழற்றியது என்று சொல்லி 5 கியர் பெட்டி ஒன்றை விற்றார், வாங்கிவிட்டேன். அதனுடன் கிளட்ச் முள்ளும் (கிளட்சை விடுவிக்கத் தள்ளும் நெம்புகோல்), காலரோடு சேர்ந்த ரிலீஸ் பேரிங்கும் (அந்த முள் தள்ளும் பேரிங்), கியர் கம்பியும் வந்தன. இந்தப் பெட்டி எல் வரிசை எஞ்சின்களில் அப்படியே போல்ட்டில் பொருந்தும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படிப் பொருந்துமானால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதே என் கேள்வி. புரொப்பல்லர் ஷாஃப்டை (கியர் பெட்டியையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட தண்டு) வெட்ட வேண்டுமா, டிஃபரன்ஷியலை மாற்ற வேண்டுமா, ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டுமா என்பவற்றையும் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். காரை வெட்டவோ வெல்டிங் செய்யவோ எனக்கு விருப்பமில்லை. பழைய பெட்டியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, என்றாவது ஒருநாள் திரும்பப் பொருத்தக்கூடிய நிலையிலேயே வேலையை முடிக்க விரும்புகிறேன்.

மறுமொழி 1: பற்சக்கரம்

வணக்கம். போல்ட் பொருந்துமா என்பதைப் பற்றி அடுத்து வருபவர்கள் சொல்வார்கள். அது இந்த வேலையின் எளிய பகுதி. கடினமான பகுதி, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் கேட்ட டிஃபரன்ஷியல் கேள்விதான். கியர் பெட்டியைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே இரண்டு இடங்களில் விகிதம் மாறுகிறது. அவற்றில் ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றொன்றும் சேர்ந்து மாறியதாகவே கார் நடந்துகொள்ளும்.

உங்கள் 4 கியர் பெட்டி எஃப்4டபிள்யூ71பி வகையாக இருக்கும். அதன் விகிதங்கள் (பின்தண்டு ஒரு முறை சுற்ற எஞ்சின் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது) 3.592, 2.246, 1.415, 1.000. டிஃபரன்ஷியல் 3.364. அதாவது 11 பற்களுக்கு 37 பற்கள். முதல் கியரில் இரண்டையும் பெருக்கினால் 12.08 வருகிறது, கார் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது நீங்கள் பழகியிருக்கும் இழுவை இதுதான். 1981 முதல் 1983 வரையிலான 280இசட்எக்ஸின் 5 கியர் பெட்டியின் விகிதங்கள் 3.062, 1.858, 1.308, 1.000, 0.745. இதை உங்கள் 3.364 டிஃபரன்ஷியலுடன் இணைத்தால் முதல் கியரின் மொத்த விகிதம் 10.30 ஆகக் குறைகிறது. ஏறத்தாழ 15 விழுக்காடு இழுவை போய்விடும். மேட்டில் நிறுத்திக் கிளப்பும் ஒவ்வொரு முறையும் கிளட்சை அதிக நேரம் வழுக்கவிட வேண்டியிருக்கும்.

மேல் முனையிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 195/70 ஆர்14 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.98 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 110 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 928 முறை சுற்றுகிறது. இப்போது நான்காவது கியரில் எஞ்சின் 3,120 சுற்றுகள். 0.745 விகிதத்தில் அது 2,330க்கு இறங்கிவிடும். கேட்பதற்கு இனிமையாக இருக்கலாம், ஆனால் எல்24 எஞ்சினின் முழு முறுக்குவிசை 4,400 சுற்றுகளில்தான் வருகிறது. சிறிய ஏற்றம் வந்தாலும் எதிர்காற்று வீசினாலும் நான்காவது கியருக்கு இறங்க நேரிடும். நெடுஞ்சாலைக்காகவே சேர்த்த ஐந்தாவது கியரை நெடுஞ்சாலையிலேயே பயன்படுத்த முடியாமல் போனால் அந்த உழைப்பில் பொருளில்லை.

டாட்சன் கார்களைத் தயாரித்த நிசானின் பொறியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். இதே காரை ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் விற்றார்கள்; அதன் இசட்-எல் வகையில் 5 கியர் பெட்டியை வைத்தபோது பின்னால் 3.9 டிஃபரன்ஷியலைத் தந்தார்கள். 4 கியருடன் வந்த அமெரிக்கக் கார்களுக்கு 3.364 கொடுத்தார்கள். 3.9 டிஃபரன்ஷியலுடன் உங்கள் இசட்எக்ஸ் பெட்டியைச் சேர்த்தால் முதல் கியர் 11.94 ஆகிறது, அதாவது கிட்டத்தட்ட இப்போது இருப்பதே. ஐந்தாவதில் 110 கிலோமீட்டருக்கு 2,700 சுற்றுகள் வரும். இரண்டு முனைகளும் சரியாக அமைகின்றன. இடையில் 3.7 விகிதமும் உண்டு; அதில் முதல் கியர் 11.33, ஐந்தாவதில் சுமார் 2,560 சுற்றுகள். இதுவும் மோசமில்லை, என் காரில் இருப்பதும் இதுவே.

ஆனால் பின்பக்கத்தை மாற்றுவது தனி வேலை. 280இசட்எக்ஸிலிருந்து கிடைக்கும் 3.7, 3.9 டிஃபரன்ஷியல்கள் ஆர்200 வகை; உங்களுடையதைவிடப் பெரியவை, எடையும் அதிகம். அதைத் தாங்கும் பின்புற மீசைப் பட்டையும் வேறு. ஆர்180 உறைக்குள் பொருந்தும் 3.9 பற்சக்கர இணை கிடைத்தால் வெளியே எதையும் மாற்ற வேண்டியதில்லை, ஆனால் பற்களின் இடைவெளியையும் தொடுதடத்தையும் சரிபார்த்து அமைக்கத் தெரிந்தவர் கையில் அது போக வேண்டும்.

எனவே எதையும் கழற்றுவதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். முதலில், உங்கள் காரில் இருப்பது 3.364தானா என்று பாருங்கள். ஐம்பது ஆண்டுகளில் யாராவது மாற்றியிருக்கக்கூடும், ஆட்டோமேட்டிக் கார்களில் 3.545 வந்தது. காரின் பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதைச் சரியாக இரண்டு முறை சுற்றுங்கள். அதற்குள் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுதான் விகிதம்.

இரண்டாவது, வாங்கிய பெட்டியை மேசைமேல் வைத்து ஐந்தாவது கியரில் போட்டு, முன்தண்டைப் பத்து முறை சுற்றிப் பின்தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். 0.745 பெட்டியாக இருந்தால் 13.4 சுற்றுகள் வரும். விற்றவர் சொன்ன ஆண்டை நான் ஒருபோதும் நம்புவதில்லை. அவர் பொய் சொல்கிறார் என்பதற்காக அன்று. இந்தப் பெட்டிகள் காருக்குக் கார் கைமாறி வந்தவை, விற்பவருக்கே தெரியாது என்பதற்காக.

மறுமொழி 2: கிரீஸ்_கை

முந்தையவர் கணக்கைச் சொல்லிவிட்டார். நான் கையால் செய்ததைச் சொல்கிறேன். 1973 மாடல் 240இசட் ஒன்றில் இதே மாற்றத்தை என் வீட்டுக் கராஜில் செய்தேன். ஒரு வார இறுதியில் முடிய வேண்டிய வேலை இரண்டு வார இறுதிகளை எடுத்துக்கொண்டது. காரணம், விரல் நீளம்கூட இல்லாத ஒரு காலர்.

முதலில் உங்களுக்கு ஆறுதலான செய்தி. உங்கள் 4 கியர் பெட்டியும் 5 கியர் பெட்டியும் ஒரே 71பி குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்த 71 என்ற எண், உள்ளே முதன்மைத் தண்டுக்கும் கீழ்த்தண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை மில்லிமீட்டரில் குறிப்பது. டபிள்யூ என்பது வார்னர் வகைச் சிங்க்ரோவை (கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்பு) குறிக்கும். முன்னுறையின் போல்ட் துளைகள் உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தும். பின்தண்டின் ஸ்ப்ளைன் ஒன்றே, ஆகையால் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டவோ நீட்டவோ வேண்டியதில்லை. 1972 காராக இருப்பதால் பின்பக்கத் தாங்கு பட்டையும் பொருந்த வேண்டும். 1970, 1971 ஆண்டுகளில் வந்த தொடக்கக் கார்களில் ஏ வகைப் பெட்டி இருந்தது, அவற்றின் தாங்கு பட்டை வேறு. அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், பிந்தைய காரின் பட்டையையும் ரப்பரையும் தேடி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

இனி காலர் கதை. ரிலீஸ் பேரிங் அமர்ந்திருக்கும் காலர் ஒரே நீளத்தில் வருவதில்லை. 240இசட்டில் கிளட்ச் தட்டு 225 மில்லிமீட்டர். 280இசட்எக்ஸின் 2+2 மாடலிலும் டர்போவிலும் 240 மில்லிமீட்டர் தட்டு வந்தது. பெரிய தட்டின் பிரஷர் பிளேட் (கிளட்ச் தட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பாகம்) உயரமாக இருப்பதால் அதற்குரிய காலர் குட்டையானது. நான் என்ன செய்தேன் என்றால், எஞ்சினில் புதிய 225 மில்லிமீட்டர் கிளட்சை மாட்டிவிட்டு, கியர் பெட்டியோடு வந்த காலரில் புதிய பேரிங்கை அழுத்தி அப்படியே ஏற்றிவிட்டேன். பெட்டியுடன் வந்த பொருள் பெட்டிக்கு உரியது என்று நினைத்தேன். அது பெட்டிக்கு உரியதன்று, பிரஷர் பிளேட்டுக்கு உரியது. பெடலைத் தரை வரை அழுத்தியும் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை, ரிவர்ஸ் போட்டால் பற்கள் கறகறத்தன. கிளட்சின் ஹைட்ராலிக் சிலிண்டரில் காற்று இருக்கிறது என்று எண்ணி அரை நாள் காற்றெடுத்தேன். மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றினேன். பிறகுதான் எல்லாவற்றையும் மறுபடியும் கீழே இறக்கினேன்.

நீங்கள் இறக்க வேண்டாம். ஏற்றுவதற்கு முன்பே அளந்துவிடலாம். கிளட்சை ஃப்ளைவீலில் முழுதாக முறுக்கிய பின், காலரையும் பேரிங்கையும் பிரஷர் பிளேட்டின் விரல்கள்மேல் வைத்து, ஃப்ளைவீலின் உராயும் பரப்பிலிருந்து காலரில் முள் அழுத்தும் இடம் வரை அளந்து பாருங்கள். அந்தத் தொலைவு ஏறக்குறைய 92 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மிகக் குறைவாக இருந்தால் எனக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரும். மிக அதிகமாக இருந்தால் முள்ளில் ஆட்டமே இல்லாமல் கிளட்ச் எப்போதும் சற்று அழுந்திய நிலையிலேயே இருந்து வழுக்கும். உங்களுடைய 225 மில்லிமீட்டர் கிளட்சையே வைத்துக்கொள்வதானால், உங்கள் பழைய பெட்டியில் இருக்கும் காலரை எடுத்துப் புதிய பெட்டியில் போடுங்கள். அவ்வளவுதான்.

முள்ளையும் அதைத் தள்ளும் சிலிண்டரையும் இணையாகவே பாருங்கள். பழைய கார்களில் சிலிண்டரின் தள்ளுகம்பியில் திருகி நீளத்தைச் சரிசெய்யும் வசதியும், முள்ளை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் இருந்தன. பின்னர் வந்தவற்றில் தானே சரியாகிக்கொள்ளும் அமைப்பு வந்தது. இரண்டையும் கலக்காமல், உங்கள் காரின் சிலிண்டர் எந்த வகையோ அதற்குரிய முள்ளையே பயன்படுத்துங்கள்.

கழற்றும்போது சிலிண்டரின் குழாயைத் திறக்க வேண்டாம், சிலிண்டரை மட்டும் அவிழ்த்து ஓரமாகக் கட்டிவிட்டால் போதும். புரொப்பல்லர் ஷாஃப்டை உருவியவுடன் பின்வாயிலிருந்து எண்ணெய் கொட்டும், முன்பே வடித்துவிடுங்கள். டிஃபரன்ஷியல் பக்கத்து ஃப்ளாஞ்சில் ஒரு கோடு போட்டு வையுங்கள், திரும்ப அதே நிலையில் மாட்டினால் அதிர்வு பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பெட்டி வெளியே இருக்கும்போது கிராங்க் ஷாஃப்டின் பின் சீலையும் பைலட் புஷ்ஷையும் மாற்றாமல் விடுபவர்கள் மறுபடியும் அதே இடத்தில் படுத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள் என்றே நான் கருதுவேன்.

கியர் கம்பியைப் பற்றி ஒரு சொல். இசட்எக்ஸின் கம்பி, 240இசட்டின் டனல் (கியர் பெட்டிக்கு மேலே எழும் தரைத் தகட்டு மேடு) துளை ஓரத்தில் சில கியர்களில் இடிக்கும். உடனே தகட்டை வெட்டக் கிளம்ப வேண்டாம். உங்கள் பழைய கம்பியையோ, 5 கியருடன் வந்த 280இசட்டின் (280இசட்எக்ஸுக்கு முந்தைய மாடல்) கம்பியையோ மாட்டி, கன்சோலைப் போடும் முன் ஐந்து கியர்களும் ரிவர்ஸும் முழுமையாக விழுகின்றனவா என்று பாருங்கள். கம்பி இடிப்பதால் பாதி மட்டுமே விழுந்த கியர், ஓடும்போது தானாக வெளியே வரும்; பிறகு பெட்டியின் மீது பழி போடுவோம்.

எண்ணெய் ஜிஎல்-4 தரமாக இருக்கட்டும், சுமார் 2 லிட்டர் பிடிக்கும். டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் ஜிஎல்-5 எண்ணெயின் வேதிச் சேர்க்கைகள் பித்தளைச் சிங்க்ரோ வளையங்களுக்கு ஒத்துவருவதில்லை.

பழைய_இசட்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. காலர் விஷயத்தை யாரும் இதுவரை எனக்குச் சொல்லவில்லை. நானும் பெட்டியோடு வந்ததையே மாட்டியிருப்பேன். சோதனைகளைச் சனிக்கிழமை செய்துவிட்டு எழுதுகிறேன். ஸ்பீடோமீட்டரைப் பற்றி மட்டும் யாராவது சொன்னால் நன்று.

மறுமொழி 3: ஆறாவது_கியர்

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். ஐம்பது ஆண்டு பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு நாற்பது ஆண்டு பழைய இன்னொன்றை மாட்டுவதற்கு இத்தனை உழைப்பா என்று எனக்குத் தோன்றுகிறது. பிற்கால நிசான் 350இசட்டில் வந்த சிடி009 என்ற 6 கியர் பெட்டியை இந்தக் கார்களில் பலர் பொருத்தியிருக்கிறார்கள். அதன் விகிதங்கள் 3.794, 2.324, 1.624, 1.271, 1.000, 0.794. பற்சக்கரம் சொன்ன அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: உங்கள் 3.364 டிஃபரன்ஷியலை மாற்றாமலேயே முதல் கியர் 12.76 ஆகிறது, ஆறாவதில் 110 கிலோமீட்டருக்குச் சுமார் 2,480 சுற்றுகள். கிளம்பும் இழுவையும் கூடுகிறது, நெடுஞ்சாலை அமைதியும் கிடைக்கிறது. பின்பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

அந்த அளவுக்குச் செலவு வேண்டாம் என்றால் 1990களின் 240எஸ்எக்ஸில் வந்த 71சி பெட்டி இருக்கிறது. 71பியின் அடுத்த தலைமுறை அது. எல் எஞ்சினின் முன்னுறையை அதற்கு மாற்றிப் பொருத்த முடியும்.

மறுமொழி 4: கிரீஸ்_கை

ஆறாவது_கியர் சொல்லும் எண்கள் சரியானவை. ஆனால் கேட்டவர் தொடக்கத்திலேயே காரை வெட்ட விரும்பவில்லை என்று எழுதியிருக்கிறார். சிடி009இன் முன்னுறை தனியாகக் கழலாது, உடலோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. எல் எஞ்சினில் மாட்ட வேண்டுமானால் அந்த முன்பகுதியை அறுத்து எடுத்துவிட்டு அடாப்டர் தட்டு போட வேண்டும். பெட்டியின் உடலும் பெரியது, டனலில் தட்டியோ வெட்டியோ இடம் உண்டாக்க வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்ட், தாங்கு பட்டை, கிளட்சின் ஹைட்ராலிக் அமைப்பு எல்லாம் புதிது. இரண்டு மடங்குக்கு மேல் சக்தி தரும் எஞ்சினை மாட்டுகிறவர்களுக்கு அது நியாயமான வழி. தொழிற்சாலைக் கணக்கிலேயே 151 குதிரைத்திறன் தரும் எல்24க்கு அது கொசுவை அடிக்கக் கோடாரி.

71சியும் காகிதத்தில் எளிதாகத் தெரியும். கீழ்த்தண்டின் முன் பேரிங் பெரிதாக இருப்பதால் எல் முன்னுறையைக் கடைசல் பட்டறையில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்க வேண்டும். பெட்டி நீளமாக இருப்பதால் புரொப்பல்லர் ஷாஃப்டைக் குறைக்க வேண்டும், கியர் கம்பியும் இடம் மாறும். என் நண்பர் ஒருவர் செய்து நன்றாகவே ஓட்டுகிறார். சிங்க்ரோக்கள் உண்மையிலேயே மேலானவை, அதை மறுக்கவில்லை. பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனைதான் இடிக்கிறது.

ஸ்பீடோமீட்டர் கேள்விக்கு வருகிறேன். கேபிளைச் சுற்றும் சிறிய பினியன், பெட்டியின் பின்னுறையில் செருகப்பட்டிருக்கும். அதன் பற்களின் எண்ணிக்கை டிஃபரன்ஷியலுக்கு ஏற்ப மாறுமே தவிர, பெட்டியில் எத்தனை கியர்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. 3.364க்கு 17 பற்கள், 3.9க்கு 20 பற்கள். 3.9க்கு மாறிவிட்டு 17 பற்களையே விட்டுவைத்தால் மீட்டர் 16 விழுக்காடு கூடுதலாகக் காட்டும். போலீஸ்காரர் மட்டும் மகிழ்ச்சியடைய மாட்டார். டிஃபரன்ஷியலை மாற்றாவிட்டால் உங்கள் பழைய பெட்டியின் பினியனை அதன் உறையோடு சேர்த்து எடுத்துப் புதியதில் செருகிவிடுங்கள்.

பழைய_இசட்

சனிக்கிழமை சோதனை முடிந்தது. காரின் டிஃபரன்ஷியல் 3.364தான், சக்கரத்தை இரண்டு முறை சுற்ற, ஷாஃப்ட் மூன்று முழுச் சுற்றும் அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கும் சுற்றியது.

பெட்டியில்தான் அதிர்ச்சி. ஐந்தாவது கியரில் முன்தண்டைப் பத்து முறை சுற்றினால் பின்தண்டு 13.4 முறை சுற்றவில்லை. பதினொன்றரையை ஒட்டி நின்றது. எண்ணுவதில் தவறோ என்று மூன்று முறை செய்தேன், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் வந்து நின்றது. முதல் கியரில் பின்தண்டின் ஒரு சுற்றுக்கு முன்தண்டு மூன்றும் மூன்றில் ஒன்றும் சுற்றுகிறது. நான் வாங்கியது என்ன? ஏமாந்துவிட்டேனா?

மறுமொழி 5: பற்சக்கரம்

ஏமாறவில்லை. உங்களுக்கு அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது.

உங்களிடம் இருப்பது 1983 பெட்டி அன்று. 1977 வாக்கில் 280இசட்டுடன் வரத் தொடங்கிய முந்தைய 5 கியர் பெட்டி. அதன் விகிதங்கள் 3.321, 2.077, 1.308, 1.000, 0.864. பத்தை 0.864 ஆல் வகுத்தால் 11.57, நீங்கள் எண்ணியது அதுதான். இந்தப் பெட்டியை எல்லோரும் ஒதுக்கிவிட்டு 1981க்குப் பிந்தையதைத் தேடி ஓடுகிறார்கள். கியர்களுக்கிடையே நெருக்கம் குறைவு, ஐந்தாவது போதுமான அளவு உயரமில்லை என்பது அவர்கள் குறை. 3.9 டிஃபரன்ஷியல் வைத்திருப்பவர்கள் அப்படிச் சொல்வது சரி. உங்களுடையது 3.364.

0.864ஐ 3.364 ஆல் பெருக்குங்கள்: 2.906. இனி, நான் முதலில் பரிந்துரைத்த 0.745ஐ 3.9 ஆல் பெருக்குங்கள்: அதுவும் 2.906. நெடுஞ்சாலையில் உங்கள் எஞ்சினுக்கு இந்த இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. 110 கிலோமீட்டருக்கு 2,700 சுற்றுகள். பின்பக்கத்தைத் தொடாமலேயே கிடைக்கிறது.

முதல் கியர் 11.17 ஆகிறது. இப்போதுள்ள 12.08ஐவிடக் குறைவுதான், ஏழரை விழுக்காடு. முதல் நாள் உணர்வீர்கள், இரண்டாம் வாரம் மறந்துவிடுவீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: முதலிலிருந்து இரண்டாவதற்கும், இரண்டிலிருந்து மூன்றாவதற்கும் மாறும்போது எஞ்சின் சுற்று எந்த அளவில் விழுகிறது என்று கணக்கிட்டால், உங்கள் பழைய 4 கியர் பெட்டியில் இருந்த அதே இடைவெளிகள்தான் இதிலும் வருகின்றன. மூன்றிலிருந்து நான்குக்கு மாறும் இடைவெளி மட்டும் குறுகியிருக்கிறது, அது நன்மையே. மலைச் சாலையில் உங்கள் கைக்குப் பழகிய தாளம் மாறாது.

இசட்எக்ஸ் பெட்டியின் நெருக்கமான கியர்கள்தான் வேண்டும் என்றால் இதை விற்றுவிட்டு அதைத் தேடலாம், ஆனால் அப்போது டிஃபரன்ஷியலுக்கும் சேர்த்துச் செலவு செய்யத் தயாராக இருக்க வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் தேட மாட்டேன். விற்றவருக்குத் தொலைபேசியில் அழைத்துச் சண்டை போடவும் மாட்டேன்.

ஆறாவது_கியர்

இந்தக் கணக்குக்கு முன்னால் என் வாதம் நிற்காது. 17 பற்கள் கொண்ட பழைய ஸ்பீடோமீட்டர் பினியனும் அப்படியே இருக்கலாம். ஒன்றே ஒன்று: அந்தப் பெட்டிக்கு 45 வயதுக்கு மேல் ஆகிறது. ஏற்றுவதற்கு முன் முன்மூடியைத் திறந்து சீலையாவது மாற்றுங்கள்; உள்ளே கீழ்த்தண்டு பேரிங்கின் முன்னால் மெல்லிய ஷிம் (இடைவெளியை நிரப்பும் வளையம்) ஒன்று இருக்கும், அது கீழே விழுந்து காணாமல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வடித்த எண்ணெயில் பொன்னிறத் தூள் அதிகமாக இருந்தால் சிங்க்ரோ வளையங்கள் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். அப்போது பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் ஏற்றாதீர்கள்.

பழைய_இசட்

எண்ணெயை வடித்துவிட்டேன், கறுப்பாக இருந்தது, தூள் மிகக் குறைவு. காந்தத் திருகில் மெல்லிய சேறு மட்டும். சீலும் பைலட் புஷ்ஷும் வாங்கி வைத்திருக்கிறேன். என் பழைய பெட்டியை நேற்று இறக்கியதும் முதல் வேலையாக இரண்டு காலர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன்: என்னுடையது உயரம், புதிதாக வந்தது குட்டை. என்னுடையதை என் பிரஷர் பிளேட்மேல் வைத்து அளந்தேன். 92 மில்லிமீட்டருக்கு முடி அளவு குறைவு. பேரிங்கை அதில்தான் அழுத்தியிருக்கிறேன். குட்டைக் காலரில், எந்தக் கிளட்சுக்கு உரியது என்று தெரியவில்லை என ஒரு சீட்டு எழுதிக் கட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு பெட்டியை ஏற்றுகிறேன்.